பாயிரம் இழந்த நூல்: கணினிக் கைந்நூல்களும் தொடக்க வாசகரும்

திறனாய்வு என்று நாம் வழங்கும் முயற்சி கவிதை, நாவல், நாடகம், சிறுகதை என்பவற்றோடு தன் எல்லையைக் கோலிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஆயின் இன்று மாணவரும் எழுதுவினைஞரும் தொழில்நுட்பத் துறை ஊழியரும் தம் வேலையின் நிமித்தம் திரும்பத் திரும்ப நாடும் உரைநடை இவற்றுள் ஒன்றுமன்று. மென்பொருளொன்றை இயக்கும் முறையைக் கூறும் கைந்நூலின் உரைநடையே அது. அந்நூல் விளங்காதவிடத்து, ஒரு மோசமான நாவலைப் பற்றிச் சொல்வதுபோல, நூல் மோசமானது என்று வாசகர் சொல்வதில்லை. தமது அறிவே போதாதென்று எண்ணிக்கொள்கின்றார். பிறரிடம் உதவி கேட்டாலோ, முதலிற் கைந்நூலைப் படித்துவிட்டு வா என்ற அதட்டலே பதிலாகக் கிடைக்கின்றது. கணினித் துறையில் இவ்வதட்டல் ஏறத்தாழ ஒரு பழமொழியாகவே நிலைத்துவிட்டது. அவ்வாறு அதட்டுபவர் கைகாட்டும் நூல் எவருக்காக எழுதப்பட்டது என்ற வினாவை இங்கு எழுப்ப விரும்புகின்றோம்.

நூலானது தன்னைக் கேட்போர் யாவர் என்பதைத் தொடக்கத்திலேயே உணர்த்தவேண்டும் என்ற எண்ணம் நமது மரபுக்குப் புதியதன்று. சிறப்புப் பாயிரம் தெரிவிக்கவேண்டியனவாக நன்னூலார் வகுத்த எட்டனுள் 'கேட்போர்' என்பதும் ஒன்று. ஆக்கியோன் பெயர், நூற்பெயர், பயன் ஆகியவற்றோடு ஒப்ப அதுவும் வைத்து எண்ணப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. கணினிக் கைந்நூல்களின் இடர்ப்பாடு அவற்றின் நடையிலிருந்து தொடங்குவதாகப் பலர் கருதுவர். நடையிலன்று, 'கேட்போர்' என்ற இவ்விடத்திலேயே அது தொடங்குகின்றதென்பது எமது கருத்து.

இதனை ஆராய யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் கைந்நூலை எடுத்துக்கொள்வோம். இன்றைய லினக்ஸ் முதலியவற்றின் ஆவண மரபு அதனடியாகவே வந்தது. அதன் முதற் பதிப்பு கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோரின் பெயரால் 1971 நவம்பர் 3ஆந் தேதியிடப்பட்டு, ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்திலே வெளியாயிற்று. ஒவ்வொரு கட்டளைக்கும் தனித்தனிப் பக்கம்; பெயர், சுருக்க வடிவம், விவரணம், கோப்புகள், காண்க, வழுக்கள், உரியவர் என ஒரே ஒழுங்கு. தன் குறைபாடுகளைத் தானே எடுத்துரைக்கும் 'வழுக்கள்' என்ற பகுதி, விற்பனை நோக்கோடு எழுதப்படும் நூல்களிற் காணுதற்கரிய நேர்மையைக் காட்டுவது. முறைமை பற்றிய பொதுவான அறிமுகத்தை இந்நூல் தரவில்லை என்பதையும், அதன் உள்ளமைப்பை விளக்கவில்லை என்பதையும் முன்னுரை மறைக்கவில்லை.

இக்கைந்நூலின் கேட்போர் யாவர்? அவர்கள் பெரும்பாலும் அதே கட்டடத்திலே, அதே கணினியிலே வேலை செய்தவர்கள். 'உரியவர்' என்ற பகுதியிலே எவருடைய அடையாளம் இருந்ததோ அவரிடமே எழுந்து சென்று கேட்கக்கூடியவர்கள். நூற்பாவைப் போன்ற சுருக்கம் அத்தகைய சூழலிற் குறையாகாது. ஏனெனில் அந்நூற்பாவுக்குரிய உரை அறைக்குள்ளேயே வாய்மொழியாக வழங்கியது. ஆயினும் அந்த முதலாண்டிலேயே வேறு வகையினரும் அங்கு இருந்தனர். புதிய கணினியை வாங்குவதற்குக் காட்டப்பட்ட நியாயம் ஆவணங்களைத் தயாரிக்கும் வசதி என்பதாகும். அதற்கிணங்க 1971இன் பிற்பாதியில் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த தட்டெழுத்தாளர் மூவர் நாள் முழுவதும் யுனிக்ஸில் விண்ணப்பங்களைத் தட்டெழுதித் திருத்தி வடிவமைத்தனர் என்று றிச்சியே பதிவுசெய்துள்ளார். யுனிக்ஸ் தொடர்ந்து வளர்வதற்கான நியாயத்தை வழங்கியது இம்மூவரின் உழைப்பு. கைந்நூலின் நடையோ அவர்களை நோக்கித் திரும்பியதில்லை. அதன் வாசகர் நிரல் எழுதுபவர், தட்டெழுத்தாளர் அல்லர்.

இவ்விலகல் வாக்கியங்களுக்குள்ளே எவ்வாறு செயற்படுகின்றது என்பதை ஒரு பக்கத்தைக் கொண்டு காட்டலாம். 1979இல் வெளியான ஏழாம் பதிப்பிலே 'ஃபைண்ட்' என்ற கட்டளைக்குரிய பக்கம் உள்ளது. கோப்பொன்றை எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்ட ஒருவருக்கு உதவ வேண்டியது இக்கட்டளை. இதனிலும் சாதாரணமான தேவை கணினியில் இருத்தல் அரிது. அத்தேவையோடு வருபவரைப் பக்கம் எப்படி எதிர்கொள்கின்றது? இக்கட்டளை அடைவுகளின் படிநிலையில் மீள்வரு முறையிற் கீழிறங்கிச் சென்று, கீழே தரப்பட்டுள்ள அடிப்படை உறுப்புகளால் ஆக்கப்படும் தருக்கக் கோவையொன்றுக்குப் பொருந்தும் கோப்புகளைத் தேடும் என்பதாக அதன் முதல் விவரணம் அமைகின்றது. இதிற் பிழை ஏதுமில்லை. கட்டளையை ஏற்கனவே அறிந்தவர் படித்தால் இதைவிடத் திட்பமாகக் கூறமுடியாதென்று பாராட்டவுங்கூடும். அறியாதவருக்கோ அடைவுப் படிநிலை, மீள்வருகை, தருக்கக் கோவை ஆகிய மூன்று கருத்துகளும் ஒரே வாக்கியத்தில் வந்து வழிமறிக்கின்றன.

அடுத்து வருவது உறுப்புகளின் பட்டியல். ஒவ்வோர் உறுப்பும் இன்னது நிகழ்ந்தால் 'உண்மை' என்றே விளக்கப்படுகின்றது. கோப்பின் பெயர் பொருந்தினால் உண்மை. இத்தனை நாள்களுக்குள் அது அணுகப்பட்டிருந்தால் உண்மை. எதற்கு உண்மை, யாருக்கு உண்மை என்று தொடக்க வாசகர் மயங்குவது இயல்பே. அவர் வேண்டியது கோப்பின் இருப்பிடம். பக்கம் பேசுவதோ மெய்யும் பொய்யும். இவற்றின் நடுவே 'பிரின்ட்' என்றோர் உறுப்பு உண்டு. அது எப்போதும் உண்மை என்றும், அப்போதைய கோப்பின் பாதையை அச்சிடச் செய்யும் என்றும் ஒரு வரி கூறிச் செல்கின்றது. அந்நாளைய ஃபைண்டிலே இவ்வுறுப்பை வெளிப்படையாகச் சேர்க்காவிடின், கட்டளை வட்டு முழுவதையும் தேடி, வேண்டிய கோப்பைக் கண்டும், ஒரு சொல்லும் கூறாது முடிந்துவிடும். அதாவது, வாசகர் எதற்காக இப்பக்கத்தைத் திறந்தாரோ அதுவே பட்டியலின் நடுவில், மெய்ம்மதிப்பொன்றின் பக்கவிளைவாகத் தரப்பட்டுள்ளது. தருக்க அமைப்பின் நோக்கில் இது முற்றிலும் சரியான வரிசை. தேவையின் நோக்கில் தலைகீழ்.

பக்கத்தின் இறுதியில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கின்றது. அப்பக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டு அது ஒன்றே. கோப்பு முறைமையின் வேரிலிருந்து தொடங்கி, ஒரு வாரமாகத் தீண்டப்படாத இடைநிலை நிரற்கோப்புகள் அனைத்தையும் கண்டு அழிக்கும் கட்டளை அது. விவரணம் விளங்காத வாசகர் எடுத்துக்காட்டைப் பார்த்து எழுதவே முயல்வார். அவர் கைக்கு எட்டுவதோ தேடும் கருவியன்று, அழிக்கும் கருவி. ஒரு தனி ஆசிரியரின் கவனயீனம் என்று இதனை ஒதுக்கிவிடுதல் வரலாற்று நோக்காகாது. அக்காலத்தில் வட்டின் கொள்ளளவு மிகச் சிறியது. பலர் பகிர்ந்த ஒரே கணினியிலே பயனற்ற நிரற்கோப்புகளை அகற்றுதல் அன்றாடக் கடமை. அந்தச் சிறு சமூகத்தின் உண்மையான தேவையையே எடுத்துக்காட்டு பிரதிபலித்தது. அச்சமூகத்துக்கு அப்பாற்பட்ட வாசகர் ஒருவரை அது கற்பனை செய்யவில்லை என்பதே நாம் கூறவருவது. இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். அப்பக்கத்தின் 'வழுக்கள்' பகுதி, இக்கட்டளையின் தொடரமைப்பு வேதனை தருவது என்று ஒப்புக்கொள்கின்றது. ஆக்கியோனே உணர்ந்த வேதனை அது. அதனை ஒப்புக்கொள்ள முடிந்தவருக்கு, அதனைக் குறைக்கும் விளக்கம் ஒரு கைந்நூலின் கடமையெனத் தோன்றவில்லை.

வாசிப்பு எளிமையை அளவிடுவதற்கு ஆங்கிலத்திற் சில சூத்திரங்கள் உண்டு. றூடொல்ஃப் பிளெஷ் 1948இல் வெளியிட்ட அளவுகோல் இவற்றுட் பெயர்பெற்றது. அமெரிக்க வான்படைக்காக 1967இலும், கடற்படைக்காகப் பீற்றர் கின்கெயிட் முதலியோரால் 1975இலும் வேறு சூத்திரங்கள் வகுக்கப்பட்டன. ஆயுதங்களையும் பொறிகளையும் பேணும் சாதாரண படைவீரர் தமக்குரிய கைந்நூல்களை விளங்கிக்கொள்வாரா என்பதே அங்கு எழுந்த பிரச்சினை. வாக்கியத்தின் நீளம், சொல்லின் நீளம் ஆகிய இரண்டையுமே இச்சூத்திரங்கள் பெரிதும் எண்ணுகின்றன. இதிலொரு முரண்நகை உண்டு. லொறிண்டா செரி முதலியோர் இத்தகைய சூத்திரங்களைக் கொண்டு உரைநடையை மதிப்பிடும் 'ஸ்ரைல்' என்ற நிரலை ஆக்கியதும் இதே பெல் ஆய்வுகூடத்திலேதான். ஃபைண்ட் பக்கத்தின் பட்டியலை அந்நிரலிடம் ஒப்படைத்தால் அது குறைகாண்பதற்கு அதிகமில்லை. 'உண்மை' எனத் தொடங்கும் வாக்கியங்கள் குறியன, சொற்களும் நெடியனவல்ல. வாசகருக்கும் நூலுக்கும் இடையே விடுபட்டுப்போனவற்றை எண்ணும் சூத்திரம் எதுவுமில்லை. சுருங்கச் சொல்லலை அழகென்றும் குன்றக் கூறலைக் குற்றமென்றும் பிரித்த நம் இலக்கணகாரர், சொற்களை எண்ணி அந்த வேறுபாட்டைக் காணவில்லை. எண்ணியிருந்தால் கண்டிருக்கவும் மாட்டார்கள்.

விடுபட்டுப்போனவற்றுள் முதன்மையானது பாயிரமே. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் உள்ள சுருக்க வடிவத்திலே சதுர அடைப்புக்குறிக்குள் வருவது விருப்பத்துக்குரியது, மூன்று புள்ளிகள் மீண்டும் வரத்தக்கதைக் குறிப்பன என்பன போன்ற மரபுகள் நூலின் முன்னுரையில் விளக்கப்பட்டிருந்தன. அச்சிட்டுக் கட்டப்பட்ட நூலிலே முன்னுரையும் பக்கங்களும் ஒரே அட்டைக்குள் இருந்தன. விளங்காதவர் முன்னே புரட்டிப் பார்க்க இடமிருந்தது. ஆயின் வேண்டிய பக்கத்தை மாத்திரம் கணினியிலேயே வரவழைக்கும் 'மேன்' என்ற கட்டளை 1970களின் முற்பகுதியிலேயே வந்துவிட்டது. அதன் பின்னர் பக்கம் தனித்து வரலாயிற்று, பாயிரம் பின்தங்கியது. அடைப்புக்குறியையும் கட்டளையின் பகுதியெனக் கருதி அப்படியே தட்டெழுதும் தொடக்க மாணவர்களை, கணினி கற்பிக்கும் எவரும் கண்டிருப்பர். அவர்களைப் பார்த்து நகைப்பதற்கு முன்னர், அம்மரபு விளக்கப்பட்ட ஏடு அவர்கள் கண்ணிற் பட்டதா என்று கேட்டல் நன்று.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். கைந்நூல் அகராதி போன்றது. அகராதியைக் கொண்டு மொழியைக் கற்பாரில்லை. தொடக்க நிலையினர் வேறு நூலை நாடவேண்டும் என்பர். மறுப்பில் நியாயமுண்டு. உசாத்துணை நூலும் பயிற்சி நூலும் வேறு என்பதை நாமும் ஏற்கின்றோம். ஆயின் அகராதியைத் தொடக்கப்பள்ளிப் பாடநூலென எவரும் ஒரு சிறுவனிடம் நீட்டுவதில்லை. மேற்குறித்த அதட்டல் செய்வது அதனையே.

வேறு நூல் இல்லாமலுமில்லை. பிறயன் கேர்ணிகன் 1974இல் எழுதி 1978இல் திருத்திய 'யுனிக்ஸ் தொடக்கநிலையினருக்கு' என்ற கட்டுரை நம் கவனத்துக்குரியது. முறைமைக்குள் நுழைவது எங்ஙனம், தட்டெழுத்துப் பொறி விசித்திரமாக நடந்துகொண்டாற் செய்யவேண்டியது யாது, பிழையாகத் தட்டிய எழுத்தை நீக்குவது எப்படி என்பன அங்கு முதலில் வருகின்றன. கட்டளைகளின் தருக்க ஒழுங்கைப் பின்பற்றாது, இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் ஆளின் தவிப்பைப் பின்பற்றிச் செல்லும் ஒழுங்கு இது. ஆசிரியர் வாசகரை முன்னிலைப்படுத்திப் பேசுகின்றார். எதைப் படிக்கலாம், எதை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்று தம் அபிப்பிராயத்தையும் கூறுகின்றார். மேன் பக்கங்களை எழுதிய அதே ஆய்வுகூடம், அதே மொழி, அதே காலம். வேறுபட்டது கேட்போர் பற்றிய எண்ணம் ஒன்றே. நடையின் வேறுபாடு அதிலிருந்து பிறந்ததேயன்றி அதற்கு முற்பட்டதன்று.

எனினும் படிப்படியாகக் கைபிடித்து அழைத்துச்செல்லும் பயிற்சி நூலும் தனக்குரிய மாயையைக் கொண்டது. தான் வகுத்த பாதையில் வாசகர் வருவார் என்று அது நம்புகின்றது. 1980களின் முற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் ஜோன் கரோலும் உடனுழைத்தோரும், சொற்செயலாக்கப் பொறிகளைக் கற்ற அலுவலக ஊழியரை அருகிருந்து நோக்கினர். கற்போர் வரிசைப்படி படிக்கவில்லை, பக்கங்களைத் தாண்டினர், பயிற்சிக்கென வைக்கப்பட்ட போலி வேலையை விடுத்துத் தமது சொந்த வேலையைச் செய்ய முயன்றனர், தவறினர், தவறியபின் திரும்பிவரும் வழியை நூல் காட்டவில்லை. இதனின்றும் கரோல் வகுத்த 'குறைந்தபட்சக் கைந்நூல்' முன்னுரைகளையும் மீள்கூறல்களையும் குறைத்து, மெய்யான வேலையை முன்வைத்து, தவறை அறிந்து மீள்வதற்கு இடந்தந்தது. 1990இல் வெளிவந்த அவரது நூல், தலைக்குள் அறிவை ஊற்றிவிடலாம் என்ற நியூரன்பேர்க் புனற் கதையைத் தலைப்பாகக் கொண்டது. தொடக்க வாசகரை வெறுங்கலமாகவன்றித் தனக்கென நோக்குடைய உழைப்பாளியாகக் கண்டமையே கரோலின் சிறப்பு என்போம். பெல் ஆய்வுகூடத்துத் தட்டெழுத்தாளர் மூவருக்கும் கிட்டாத கவனிப்பு அது.

இதுவரை கூறியவை எழுதுவோரின் மனப்பாங்கை மாத்திரம் சார்ந்தவை என்று முடிவுசெய்தல் தவறு. விளக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்ட சந்தர்ப்பமும் உண்டு. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் லயன்ஸ், யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் சுமார் 9000 வரிகள் கொண்ட மூல நிரலுக்கு 1976-77 காலத்தில் தம் மாணவருக்காக ஓர் உரை எழுதினார். மூலத்தை வரியெண்ணிட்டு ஓர் ஏடாகவும் விளக்கத்தை மற்றோர் ஏடாகவும் அமைத்தார். மூலத்துக்கு வரிவரியாகப் பொருள்காண முயன்ற அப்பணியை நம் உரையாசிரியர் பணியோடு ஒப்பிடுதல் மிகையாகாது. அம்மூல நிரலிலே, செயன்முறைகள் மாறும் கடினமான ஓரிடத்தில், இதனை நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை என்ற கருத்துப்பட ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. வாசகரை ஏளனஞ்செய்யும் வாக்கியமாக அது பல காலம் பேசப்பட்டது. பரீட்சையில் இப்பகுதி வராது என்று ஓர் ஆசிரியர் சொல்வதுபோன்றே அதனை எழுதியதாக றிச்சி பின்னர் விளக்கினார்; அவ்விடத்தை எழுதிய தாமும் அப்போது சரிவர விளங்கியிருக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. உரையாசிரியர் ஒருவர் தோன்றியிராவிடில் அக்குறிப்பைப் படித்து அஞ்சியோர், விளங்காமை தம் குறையே என்று நம்பியிருப்பர்.

1979இல் ஏழாம் பதிப்போடு வந்த உரிம நிபந்தனைகள் மூல நிரலை வகுப்பறையில் வைத்துக் கற்பிப்பதைத் தடைசெய்தன. லயன்ஸின் உரை அச்சில் வரமுடியாதாயிற்று. மாணவர் அதனைப் படப்பிரதி எடுத்து, அப்பிரதியிலிருந்து பிரதியெடுத்து, எழுத்து மங்கும்வரை கைமாற்றினர். 1996இலேயே அது முறையாக நூலுருவம் பெற்றது. யுனிக்ஸ் விற்பனைப் பண்டமாகியபோது அதன் விளக்கமும் உடைமையாயிற்று. விளங்காமை எப்போதும் அறியாமையாலோ அசிரத்தையாலோ நேர்வதன்று. சிலவேளை அதனால் இலாபமடைவோரும் உளர்.

1991இல் தோன்றிய லினக்ஸும் அதனையொத்த கட்டற்ற மென்பொருள்களும் அத்தடையை நீக்கின. மூலமும் திறந்துள்ளது, உரையெழுதவும் உரிமையுண்டு. ஆயினும் நிரல் எழுதுபவரின் பெயர் பெறும் மதிப்பை ஆவணம் எழுதுபவரின் பெயர் பெறுவதில்லை. மூளையுழைப்புக்குள்ளேயே நிலவும் இப்பிரிவினை பற்றி முற்போக்காளரிடையேயும் போதிய சிந்தனை இல்லை. கைந்நூல் விட்ட இடைவெளியை 2008 தொடக்கம் வினாவிடைத் தளங்களும், அண்மைக் காலத்தில் மொழி மாதிரிகளை அடிப்படையாகக் கொண்ட உரையாடல் நிரல்களும் நிரப்பிவருகின்றன. மூலத்தை ஒருபோதும் காணாது உரைத்துணுக்குகளால் மாத்திரம் வேலையை முடிக்கும் வாசகர் கூட்டமொன்று இதனால் உருவாகியுள்ளது. அவர்களைக் குறைகூறும் தகுதி அந்த மூலத்தை எழுதியோருக்கு இல்லை.

தமிழ் வாசகரின் நிலை இதனுள் இன்னொரு படி கீழே உள்ளது. திரையிலே தோன்றும் கட்டளைப் பெயர்களும் பட்டியல்களும் தமிழான அளவுக்குக் கைந்நூல்கள் தமிழாகவில்லை. தமிழாக்குவதே தீர்வென்போர், மேற்கூறிய பட்டியலை மொழிபெயர்த்துப் பார்க்கட்டும்: பெயர் பொருந்தினால் உண்மை, அணுகப்பட்டிருந்தால் உண்மை. கலைச்சொற்கள் செம்மையாக அமைந்தாலும் அது ஆங்கிலத்தில் எவ்வளவு இருளோ தமிழிலும் அவ்வளவு இருளே. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்குரிய நூல்களையும் தமிழில் ஆக்கிய மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் பணியை மொழிபெயர்ப்பு முயற்சியாக மட்டும் நாம் போற்றிவருகின்றோம். அவர் முன்னே மாணவர் இருந்தனர், யாருக்கு எழுதுகின்றோம் என்பதை அவர் அறிந்திருந்தார் என்பது அதேயளவு முக்கியமானது.

ஃபைண்டுக்குத் திரும்புவோம். குனூ திட்டத்தின் வழிவந்து இன்று லினக்ஸிற் பரவலாக வழங்கும் ஃபைண்ட், 'பிரின்ட்' என்று சொல்லாவிடினும் கண்டவற்றைத் தானே அச்சிடுகின்றது. நாற்பதாண்டுக்கு முற்பட்ட தொடக்க வாசகரின் திகைப்புக்கு நிரல் இறுதியில் செவிசாய்த்துவிட்டது எனலாம். அதன் மேன் பக்கம் பன்மடங்கு நீண்டுவிட்டது. ஒன்றுக்குப் பதிலாகப் பல எடுத்துக்காட்டுகள் உள்ளன. அவ்வரிசையில் முதலாவது, தற்காலிகக் கோப்புகளின் அடைவிலே குறித்த பெயருடைய கோப்புகளைத் தேடி அழிப்பது. கோப்பின் பெயரில் இடைவெளியோ மேற்கோட்குறியோ இருந்தால் இக்கட்டளை தவறாக இயங்கும் என்ற எச்சரிக்கை அதன் கீழேயே அச்சாகியுள்ளது.